டெஸ்டரில் எரிந்த விளக்கு

ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியவில்லை, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு கரு கலைந்த வயிறு அது. வயர்மேன் மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்தான். வந்ததும் அவள் ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

"எல்லாம் அந்த எதிர்மாடி செல்போன் டவராலதான். உடம்புல செல்லு செல்லா அரிக்குதாம். வீட்டை மாத்துங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?"

"டவர் அரிக்குதோ இல்லையோ, நீ என்னை நல்லா அரிக்குற."

"அப்ப எனக்குள்ள கரன்ட் பாயுதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க, பெரிய வயர்மேன்தானே."

அவள் சிரித்தால் போதும் என்று, சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எடுத்து நுனியை அவள் வயிற்றில் மெல்ல வைத்தான். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

வீட்டில் எங்கோ கரன்ட் கசிகிறது என்று ஓடிப்போய் மெயினை இறக்கினான். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. மறுபடி வைத்தபோதும் விளக்கு எரிந்தது. தன் வயிற்றிலும் அவள் கையிலும் கழுத்திலும் வைத்தபோது எரியவில்லை. தொப்புளுக்குக் கீழே மட்டும் விட்டு விட்டு எரிந்தது. அவள் நாடியைப் பிடித்து எண்ணினான். நாடி ஒரு தடவை அடிப்பதற்குள் விளக்கு இரண்டு தடவை மினுங்கியது.

"என்னங்க, லைன் வருதா?"

"வருதும்மா," என்றான்.

டெஸ்டரின் தலையில் விரல் வைத்தால்தான் விளக்கு எரியும். இருபது வருஷமாக அவன் கண்டது அது. பயந்து பயந்து விரலை எடுத்தான். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.