செவலையின் ரசிகன்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஓர் உண்ணிக்கொக்கு. பல வருடங்களாகியும் என்னால் இதை முழுதாக நம்ப முடியவில்லை.

ரேக்ளா பந்தயத்தில் எவரும் முந்த முடியாத காளை செவலை. கொக்கு அதன் பரம ரசிகன். செவலை ஜெயித்த ஊர்களையெல்லாம் சொல்லிச் சொல்லி மற்றக் கொக்குகளை விரட்டியடித்திருந்தது. ஒரு பந்தயத்துக்கு முந்தின நாள் செவலையின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, காதோரமிருந்து ஒரு கிழட்டு உண்ணி பேசியது.

"அண்ணே, பந்தயத்தன்னிக்குக் காலையில இதுக்கு ஊசி போடுறாங்க."

"பொறாமையில பேசாதடா."

"பொறாமைப்பட நான் என்ன மாடா? எட்டுக் கால் இருந்தும் ஒரு அடி நகர மாட்டேன். அந்த ரத்தத்தைக் குடிச்ச அன்னிக்கு மட்டும் கொம்புக்கும் வாலுக்கும் ஓடிக்கிட்டே இருக்கேன். நாளைக்குக் காலையில நீங்களே வந்து பாருங்க."

கொக்கு அந்த உண்ணியைத் தின்றுவிட்டது. மறுநாளும் செவலைதான் முதலில் வந்தது. கத்திய கத்தலில் கொக்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம்.

"உண்ணியத் திங்கிறது எங்க வழக்கம்தானே" என்று ஒவ்வொரு முறையும் கதையை முடிக்கும். போன வாரம்தான் அதனிடம் கேட்டேன்:

"அன்னிக்கு உனக்குப் பசிச்சுதா?"