நண்டுவளையை ஒழித்தவள்

"சரோஜா ஆன்ட்டிக்கா? அவங்களுக்கு நான் பத்திரிகை வைக்கணுமா?"

கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையைக் கட்டிலில் வீசினான் கார்த்தி.

"பக்கத்து வூடுடா. மொதப் பத்திரிகை அங்கதான். போய் வெச்சிட்டு வா" என்றாள் அம்மா சம்பூர்ணம்.

கார்த்திக்கு அந்தப் பழைய கோபம் இன்னும் ஆறவில்லை. காலேஜில் படிக்கும்போது கூட்டாளிகளோடு சேர்ந்து 'நண்டுவளை' என்று ஒரு பேண்ட் ஆரம்பித்தான். ஊரப்பாக்கத்து மொட்டைமாடியில் ஒத்திகை. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ஒரே ஒரு கச்சேரி. அதோடு சரி. சத்தம் தாங்கவில்லை என்று சரோஜா புகார் கொடுக்க, போலீஸ் வந்து மிரட்ட, பேண்ட் ஆளுக்கொரு பக்கமாய்ச் சிதறிப் போனது.

இன்று அவன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். ஆனாலும் சரோஜா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

வேண்டாவெறுப்பாகப் போய்க் கதவைத் தட்டினான்.

"வா கண்ணு, வா! அடைக்கு அரைச்சிகினு கீறேன். கையெல்லாம் மாவு, உக்காரு."

மேஜைமேல் செல்போன் அலறியது. கார்த்தி திகைத்தான். டிரம்ஸ், கிடார், நடுவே சுருதி விலகிய ஒரு குரல். அவனுடைய குரல்!

"ஆன்ட்டி... இது எங்க பாட்டாச்சே?"

"ஆமா. நீங்க மாடில பாடச்சொல்ல ஜன்னலாண்ட நின்னு போன்ல புடிச்சது. எம் பேத்திக்கு இத்தப் போட்டாத்தான் சோறே எறங்குது."

அழைப்பு அடித்து ஓய்ந்தது. அந்தப் பாட்டு இப்போது அவனிடம்கூட இல்லை.

"இவ்ளோ புடிச்சிருந்தா, அப்புறம் ஏன் ஆன்ட்டி போலீசுக்குப் போனீங்க?"

சரோஜா மாவுக் கையையே பார்த்தாள்.

"பழச வுடு கண்ணு. பொண்ணு இன்னா வேல பண்ணுது?"

அவன் பதில் சொல்வதற்குள் அதே பாட்டு மறுபடி ஒலித்தது.

"யாரோ பேஜாரு. அந்தப் பச்சையத் தள்ளி ஸ்பீக்கர்ல போடு கண்ணு."

யார் என்று பார்க்கும் நிதானம்கூட இல்லாமல் போட்டான்.

"சரோ!" அம்மாவின் குரல். "பத்திரிகை வைக்க அவன் வந்துகினு கீறான். எதுனா திட்டினான்னா வாங்கிக்கோ தாயி. அவன் அரியர் பரீட்சைய முடிக்கட்டும்னு உங் கால்ல வுழுந்து நான்தான் கம்ப்ளெயின்ட் குடுக்க வெச்சேன்னு மட்டும் வாயத் தொறந்துடாத!"