பதினொரு வருஷ அனுபவம்

தூதர்களை உருவாக்கும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நேர்காணலுக்கு, மலேசியாவின் ஈப்போவில் தன் அறையிலேயே கணினிமுன் உட்கார்ந்தாள் மாதுமை.

“இரு தரப்பும் முகம்கொடுத்துப் பேச மறுத்தால்?”

“கோபத்தைக் கழித்துவிட்டு விஷயத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.”

“அனுபவம் உண்டா?”

“பதினொரு வருஷம். ஏழு வயதிலிருந்தே.”

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். மறுவாரமே இடம் கிடைத்தது.

கடிதத்தோடு கூடத்துக்கு ஓடினாள். அப்பாவும் அம்மாவும் ஒரே மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கடிதத்தை வாங்கிப் படித்தார். “போய்ட்டு வா லா. ஆனா, நீ போய்ட்டா நான் யாருகிட்ட சொல்லி அனுப்புறதுன்னு உங்கம்மாகிட்ட கேளு.”

கைக்கெட்டும் தூரத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நானும் அதையேதான் கேக்குறேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”