இரண்டாவது ஊசி

"என் மருமகதான் டாக்டரம்மா. வேணும்னே செஞ்சிருக்கா."

பெரியவர் அதைச் சொல்லும்போது மருமகள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். வேலையிலிருந்து ஓடி வந்தவள், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

மேசைமேல் குண்டன் துவண்டு கிடந்தான். பூனைக்குப் பேர்தான் குண்டன். சர்க்கரை, கிட்னி, மூட்டுவலி எல்லாம் சேர்ந்து எலும்பும் தோலுமாக்கிவிட்டன. முன்காலில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

"சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கு. இன்சுலின் ஊசி கூடிடுச்சா?" என்றார் டாக்டரம்மா.

"எப்படிக் கூடும்? நேத்து ராத்திரிதான் புதுக் கண்ணாடி மாத்தினேன். சிரிஞ்ச்ல இருக்கிற கோட்டைப் பார்த்து ரெண்டே யூனிட் ஏத்தினேன். காலையில ஏழு மணிக்கு, அவன் தின்னு முடிச்சப்புறம். பதினோரு மணிக்குத் தண்ணிக் கிண்ணத்துகிட்ட விழுந்து கிடக்கான். தூக்கிட்டு வரக் கூடையை எடுத்தா, பக்கத்துக் குப்பையில இன்னொரு சிரிஞ்ச்! என் பையன் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழற வீரன். வேற யாரு போட்டிருப்பா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாருங்க, வாயைத் திறக்கிறாளா?"

வீட்டில் அவள் அவரிடம் வாயைத் திறந்து மூன்று வருடம் ஆகிறது. பெரியவரின் மனைவி இறந்த அன்று, "அத்தையை முன்னாடியே ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கலாம்" என்று மருமகள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவர் இன்னும் இறக்கி வைக்கவில்லை. அன்றிலிருந்து எது சொல்வதானாலும் இருவரும் பூனையிடம்தான் சொல்வார்கள்.

"குண்டா, மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"குண்டா, எனக்குப் பசி இல்லன்னு சொல்லு."

குண்டன் அவர் மனைவி வளர்த்த பூனை. "இவனைப் பார்த்துக்கோங்க" என்றுதான் அவள் கடைசியாகச் சொன்னாள். அதனால் காலையும் மாலையும் ஊசி போடும் வேலையை அவர் யாருக்கும் விட்டதில்லை.

"கிட்னி கெட்டுப்போன பூனை. மருந்து சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பிழைக்காது." டாக்டரம்மா மருமகளிடம் திரும்பினார். "நீங்க போட்டீங்களாம்மா?"

"ஆமா டாக்டர். மாமா நடக்கப் போனப்புறம் போட்டேன்."

"கேட்டீங்களா!" என்றார் பெரியவர்.

"அஞ்சு மாசமா தினமும் ரெண்டு வேளையும் நான்தான் போடறேன்."

"அஞ்சு மாசமாவா? அப்படின்னா என்னைக்கோ செத்திருக்குமே" என்றார் டாக்டரம்மா.

"மாமா போடற ஊசி உள்ள இறங்காது டாக்டர். கண்ணு மங்கல். ஊசி தோலைத் தாண்டி வெளியே வந்துடும். முதுகு முடியைத் தொட்டா ஈரமா இருக்கும், மருந்து வாசனை வரும். அப்புறம் நான் போடுவேன். இன்னைக்கு வேலைக்கு நேரமாயிடுச்சு. தொட்டுப் பார்க்காம போட்டுட்டேன். கண்ணாடி மாத்தினது எனக்குத் தெரியாது. தப்பு என்னோடதுதான்."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அத்தை அவர்கிட்ட விட்டுட்டுப் போன பூனை. உங்களுக்குக் கண்ணு தெரியல, நான் போடறேன்னு எப்படிச் சொல்றது?"

பெரியவர் குண்டனின் முதுகு முடியைத் தொட்டுப் பார்த்தார்.

குளுக்கோஸ் பாதி இறங்கியதும் குண்டன் காதை அசைத்தான். மெல்லத் தலையைத் தூக்கினான்.

"இன்னைக்கு இனி ஊசி வேண்டாம். நாளைக்கு ரத்தம் பார்த்துச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா அதுக்கப்புறம் ஒருத்தர்தான் போடணும். யாருன்னு இப்பவே முடிவு பண்ணுங்க."

பெரியவர் புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பூனையின் தலையைத் தடவினார்.

"குண்டா, இந்தக் கண்ணாடி எனக்குச் சரிப்பட்டு வரல. அவளையே போடச் சொல்லு."