மூன்றாம் மாதத்துச் செண்பகவல்லி

புற்றுநோய்க்கான கீமோ தொடங்குவதற்கு முந்தைய நாள், நோயாளி மூன்று மாதம் கழித்து எப்படி இருப்பாரோ அந்த உருவத்தை அவருடைய மருத்துவக் குறிப்புகளிலிருந்து கணித்து, திரையில் வரவழைத்து அவரோடு பேச வைப்பது அந்த மருத்துவமனையின் வழக்கம். பயம் தெளிய அதைவிட நல்ல பாடம் இல்லை என்பார்கள். பேருந்து நடத்துநர் செண்பகவல்லியும் திரைக்கு முன் உட்கார்ந்தாள். எதிரே முடியில்லாமல், மெலிந்துபோய் அவளே சிரித்தாள்.

“ஏட்டி, ரொம்ப வலிக்குமா?”

“ஊசி குத்துறப்ப மட்டுந்தான். மூணாம் நாளு வாய் கசக்கும், எந்திரிக்க முடியாது. காய்ச்சல் வந்தா மட்டும் வீட்டுல கெடக்காத, உடனே இங்க வந்துரு.”

“முடி?”

“கொட்டிரும். எல்லாம் முடிஞ்சப்புறம் வளரும்.”

செண்பகவல்லிக்கு மூச்சு சீரானது. மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கடைசியாகக் கேட்டாள்.

“சென்னையில இருக்க நம்ம மக மஞ்சரிட்ட விஷயத்தச் சொன்னப்போ, அவ எப்படித் தாங்கிக்கிட்டா?”

திரையிலிருந்தவள் முதன்முறையாகத் தடுமாறினாள். “அது எனக்குத் தெரியாதே. நீ இன்னும் சொல்லலியே.”

செண்பகவல்லி வராந்தாவுக்கு வந்து கைபேசியில் மகளை அழைத்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் மஞ்சரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: “நாளைக்கு எத்தன மணிக்கும்மா ஊசி?”