வெல்டரின் கை

"இது என் வீட்டுக்காரர் கை! யாரைக் கேட்டு இதைப் படம் பிடிச்சுப் போட்டே?"

வெல்டரின் மனைவி போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. வேடிக்கை பார்க்கிற அளவுக்கு எல்லாருக்கும் உடம்பு தேறியிருந்தது.

நர்ஸ் ஊசித் தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கு அங்கே 'ரீல்ஸ் சிஸ்டர்' என்று பெயர். வேலை முடிந்ததும் ஒரு மூலையில் போனை நிறுத்தி வைத்து, கை கழுவுவது எப்படி, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கலாமா என்று வீடியோ போடுவாள். 'வேலை தற்காலிகம், லிப்ஸ்டிக் மட்டும் நிரந்தரம்' என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

தலைமை நர்ஸ் ஓடி வந்தார். வெல்டரின் மனைவி போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ஊசிக்குழாய் ஒட்டிய ஒரு கரடுமுரடான கை. அதைக் கையுறை போட்ட இன்னொரு கை மெல்லப் பிடித்திருந்தது. கீழே, 'பயப்படாதீங்க, நான் இருக்கேன்.'

"நாப்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்க! எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வரலை."

"மூஞ்சி தெரியலையேம்மா..." என்றார் தலைமை நர்ஸ்.

"நல்லா இருக்கே நியாயம்! ஒரு மனுஷன் முடியாமப் படுத்திருக்கறதை ஊருக்குக் காட்டுறதா? அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவருக்கு மானம் மரியாதை இல்லையா?"

கட்டிலில் கிடந்த வெல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்காகத்தான் கத்திக்கிட்டிருக்கேன். புகார் எழுதணும், ஒரு பேப்பர் குடுங்க!"

தலைமை நர்ஸ் ரீல்ஸ் சிஸ்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "உன் வீடியோவைப் பார்த்துட்டுத்தான் மேலே உன்னை நிரந்தரமாக்கலாம்னு பேசிக்கிட்டிருக்காங்க. இந்தப் புகார் போச்சுன்னா இருக்கிற வேலையும் போயிடும். தெரியுமில்ல?"

"மேடம், நான் நோயாளி யாரையும் எடுக்கலை."

"அப்ப இது யார் கை?" என்றாள் வெல்டரின் மனைவி. "காலமெல்லாம் சோறு போட்டவ, எனக்குத் தெரியாதா? வெல்டிங் வச்சு வச்சு வெடிச்ச தோலு. இதோ, கட்டைவிரல்ல சூட்டுத் தழும்பு!"

தலைமை நர்ஸ் வெல்டரின் கையைத் தூக்கிப் பார்த்தார். "தழும்பைக் காணோமே?"

"இருக்கும். நல்லாப் பாருங்க."

அடுத்த கையையும் பார்த்தார். அதிலும் இல்லை.

ரீல்ஸ் சிஸ்டர் தன் இடது கையை நீட்டினாள். வெடித்த தோல். கட்டைவிரலில் தழும்பு.

"இஸ்திரிப் பெட்டி சுட்டது மேடம். நோயாளியை எடுக்கக் கூடாதுன்னுதான், என் கையிலேயே குழாயை ஒட்டிக்கிட்டு, இன்னொரு கையால நானே பிடிச்சுக்கிட்டேன்."

"பொம்பளைப் பிள்ளை கையா இது?"

"ஒவ்வொரு நோயாளியையும் தொட்டதும் கழுவணும்மா. அப்புறம் தோல் எங்கே மிஞ்சும்?"

பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். "அப்போ உனக்கு நீயே ஆறுதல் சொல்லிக்கிட்டியாம்மா?"

"இங்கே நமக்கு வேற யாரு சார் சொல்றாங்க?"

வார்டு சிரித்தது. தலைமை நர்ஸும் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

வெல்டரின் மனைவிக்கு முகம் சுண்டிப் போயிற்று. போனை அவசரமாகப் பைக்குள் திணித்தாள். திணிக்கிற அவசரத்தில் விரல் எதிலோ பட்டு, அவள் தங்கை அனுப்பியிருந்த குரல் செய்தி வார்டு முழுக்க ஒலித்தது.

"அக்கா, நீ ஸ்டேட்டஸ்ல வச்ச போட்டோ பார்த்தேன்! அத்தான் மூக்குல குழாயோட, சட்டைகூட இல்லாம, வாயைப் பொளந்துக்கிட்டு... ஐயோ பாவம்க்கா! நம்ம சொந்தம் பூரா அழுகைப் பொம்மை போட்டிருக்கு. அவர் கடை முதலாளிகூடப் போட்டிருக்கார்!"

வெல்டர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், அந்தப் புகார்ப் பேப்பரை இப்படிக் குடுங்க. பேனா பிடிக்கற அளவுக்கு என் கை நல்லாத்தான் இருக்கு."