நூறிலிருந்து தலைகீழாக

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கும் அணைந்தது. உள்ளே தனியாக மாட்டிக்கொண்ட மேனேஜர் கதவை ஓங்கித் தட்டினார்.

"யாராவது இருக்கீங்களா? எனக்கு மூச்சு முட்டுது."

"பதறாதீங்க சார், நான் இருக்கேன். மெக்கானிக் வந்துட்டிருக்கார்," என்றது அருகிலிருந்து ஒரு பெண்குரல்.

"வெளிய நின்னு சொல்றது சுலபம்மா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

குரல் கோபிக்கவில்லை. "வாஸ்தவந்தான் சார். காலர் பட்டனைக் கழட்டிட்டு, என்கூட நூறுலேருந்து தலைகீழா எண்ணுங்க."

எண்ணினார்கள். பன்னிரண்டு வந்தபோது கதவு திறந்தது. மெக்கானிக் கைகொடுத்துத் தூக்கினான்.

"அந்தம்மா எங்கப்பா? மன்னிப்பு கேக்கணும்."

அவன் மூடிக்கிடந்த பக்கத்து லிஃப்ட்டைக் காட்டினான். "ஒரு மணி நேரமா அதுக்குள்ளதான் இருக்காங்க. உங்களை முதல்ல எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டாங்க."

உள்ளிருந்து அதே குரல் நடுங்கியது.

"சார், போயிடாதீங்க. இப்ப நீங்க எண்ணுங்க."